மிளகு மூட்டைக்கு உளுந்துக் கணக்கு

உளுந்தூர்பேட்டையை அடுத்த உளுந்தாண்டார்கோவிலில் எழுந்தருளியிருக்கும் ஈசனுக்கு மாஷபுரீஸ்வரர் என்று திருநாமம். மாஷம் என்றால் உளுந்து. அந்தப் பெயர் வந்ததற்குத் தல புராணம் ஒரு கதை சொல்கிறது. மிளகு மூட்டைகளுடன் அவ்வழியே போன வியாபாரி ஒருவரிடம், முன்பின் தெரியாத ஒருவர் வந்து கொஞ்சம் மிளகு கேட்டாராம். கொடுக்க மனமில்லாத வியாபாரி, "இது மிளகு அல்ல, உளுந்து" என்று சொல்லிவிட்டார். சந்தையில் போய் மூட்டையை அவிழ்த்தால் அத்தனையும் உளுந்து! பிறகு அவர் ஓடிவந்து ஈசனிடம் முறையிட்டு மிளகைத் திரும்பப் பெற்றார் என்று கதை முடிகிறது.

பக்தர்கள் இதைப் பக்திக் கதையாகக் கேட்கிறார்கள், அது சரியே. ஆனால், நெருப்பு இன்ஷூரன்ஸ் எடுத்திருக்கும் மளிகைக் கடைக்காரர் ஒருவர் இதைக் கேட்டால் அவருக்குச் சற்று வயிற்றைக் கலக்கும். ஏனெனில், கடையில் மிளகை வைத்துக்கொண்டு காகிதத்தில் உளுந்து என்று எழுதுகிற வழக்கம் இன்னும் போய்விடவில்லை. பிரீமியத்தில் சிறிது மிச்சம் பிடிப்பதற்காக, பத்து லட்சம் ரூபாய்ச் சரக்கை ஐந்து லட்சம் என்று எழுதிக்கொடுப்பவர்கள் இருக்கிறார்கள். ஒரு நாள் மின்கசிவால் தீப்பிடித்து நாலு லட்சம் ரூபாய்ச் சரக்கு எரிந்துபோகிறது என்று வைத்துக்கொள்வோம். "ஐந்து லட்சத்துக்கு எழுதியிருக்கிறோம், நஷ்டம் நாலு லட்சம்தானே, முழுவதும் வந்துவிடும்" என்று அவர் நினைக்கிறார். வருவது இரண்டு லட்சமே! சரக்கில் பாதிக்குத்தான் இன்ஷூரன்ஸ். ஆகையால் நஷ்டத்திலும் பாதிதான் என்று பாலிஸியிலேயே ஒரு ஷரத்து இருக்கிறது. 2021 ஏப்ரல் 1 முதல் சிறு தொழில்களுக்கென்று நடைமுறைக்கு வந்த 'பாரத் சூக்ஷ்ம உத்யம் சுரக்ஷா' பாலிஸியில், 15 சதவிகிதம் வரை மதிப்பு குறைந்திருந்தால் அதைப் பொருட்படுத்துவதில்லை. பாதிக்குப் பாதி குறைத்தவருக்கு அந்தச் சலுகை உதவாது. தல புராணத்து வியாபாரிக்கு மூட்டையை மீட்டுக்கொடுக்க ஈசன் இருந்தார். இவருடைய கடைக்குச் சர்வேயர்தான் வருவார்.

சென்னை–திருச்சி நெடுஞ்சாலையும் சேலம் சாலையும் கூடுகிற இடம் உளுந்தூர்பேட்டை. 1993 வரை தென்னாற்காடு ஜில்லாவிலும், பிறகு விழுப்புரம் மாவட்டத்திலும் இருந்து, 2019 முதல் கள்ளக்குறிச்சி மாவட்டத்தில் சேர்ந்திருக்கிறது. ஒருபுறம் ஒழுங்குமுறை விற்பனைக் கூடத்துக்கு வரும் விவசாயி. மறுபுறம் சாலையோரத்தில் ஹோட்டல் வைக்கவும், குட்டியானை வண்டி வாங்கி ஓட்டவும் யோசிக்கிற இளைஞர். இப்படிப்பட்ட ஊரில் பணத்தைப் பற்றிய முடிவு தினமும் எடுக்கப்படுகிறது. அதில் எத்தனை முடிவுகள் கணக்குப் போட்டு எடுக்கப்படுகின்றன என்பதே கேள்வி.

காத்திருந்தால் விலை ஏறுமா?

ஊர்ப் பெயரிலேயே இருக்கும் உளுந்தையே எடுத்துக்கொள்வோம். அறுவடை சமயத்தில் குவிண்டால் ரூ. 7,000 விற்கிறது. ஆறு மாதம் வைத்திருந்தால் ரூ. 8,000 ஆகும் என்று பக்கத்து வீட்டுக்காரர் சொல்கிறார். ஆயிரம் ரூபாய் லாபம் என்று மனம் குதிக்கிறது. இனிக் காகிதத்தை எடுக்க வேண்டியதுதான். விற்றிருந்தால் கையில் வந்திருக்கும் ரூ. 7,000, விற்காததால் வரவில்லை. அந்தப் பணத்துக்கு ஆண்டுக்கு 12 சதவிகிதத்தில் கடன் வாங்கித்தான் குடும்பம் நடக்கிறது என்றால், ஆறு மாத வட்டி ரூ. 420. கிடங்கு வாடகையும் சாக்கும் ரூ. 60. காய்ச்சலாலும் வண்டாலும் குறைகிற எடைக்கு ரூ. 150. ஏற்றுகூலி, இறக்குகூலி ரூ. 60. ஆகச் செலவு ரூ. 690. ஆயிரம் என்று குதித்த லாபம் 310 ஆகச் சுருங்கிவிட்டது.

விலை ஏறினால் இந்த 310. ஏறாவிட்டால்? ரூ. 6,800க்கு இறங்கினால், விலையில் 200ம் செலவில் 690மாக, நஷ்டம் ரூ. 890. விலை ஏறுவது பத்தில் ஆறு தடவை, இறங்குவது நாலு தடவை என்று வைத்துக்கொண்டால், ஆறு தடவை 310 வீதம் ரூ. 1,860 வரும், நாலு தடவை 890 வீதம் ரூ. 3,560 போகும். பத்துத் தடவைக்கு ரூ. 1,700 நஷ்டம்; தடவைக்கு 170 ரூபாய். பத்தில் ஆறு முறை ஜெயிக்கிறவர் மொத்தத்தில் தோற்கிறார்! இந்த வியாபாரத்தில் கையைக் கடிக்காமல் இருக்க வேண்டுமானால், ஏறக்குறைய நாலில் மூன்று தடவை விலை ஏற வேண்டும். "பெரும்பாலும் ஏறும்" என்ற பேச்சை நம்பிச் சரக்கை அடைத்துவைத்தவர்கள், தங்கள் கணிப்பு அனேகமாகச் சரியாகவே இருந்தும் பணம் மட்டும் ஏன் கரைகிறது என்று திகைப்பதற்குக் காரணம் இதுதான்.

ஆறுக்கு நாலு என்பதை எங்கிருந்து பெறுவது? ஜோசியம் வேண்டியதில்லை. பத்து வருஷத்து அறுவடை கால விலையையும், ஆறு மாதம் கழித்த விலையையும் இரண்டு வரிசையாக எழுதினால் போதும். எத்தனை முறை ஏறியது, எவ்வளவு ஏறியது என்பது கண்ணுக்குத் தெரிந்துவிடும். மண்டியில் பழைய பேரேடு வைத்திருப்பவர்களிடம் இந்த இரண்டு வரிசையும் தூசி படிந்து கிடக்கின்றன. கூட்டிப் பார்த்தவர்கள்தான் குறைவு.

அதே உளுந்துக்கு வட்டியை மட்டும் பாதியாக்கிப் பாருங்கள். 420 என்பது 210 ஆகிவிட்டால், ஏறினால் லாபம் 520, இறங்கினால் நஷ்டம் 680. பத்துத் தடவைக்கு வரவு ரூ. 3,120, போக்கு ரூ. 2,720. நஷ்ட வியாபாரம் ரூ. 400 லாப வியாபாரமாக மாறிவிட்டது! விளைச்சலும் அதே, சந்தையும் அதே, அதிர்ஷ்டமும் அதே. ஒழுங்குமுறை விற்பனைக் கூடங்களில் விளைபொருளை அடகாக வைத்துக்கொண்டு குறைந்த வட்டிக்குக் கொடுக்கப்படும் பொருளீட்டுக் கடனுக்கு உள்ள அருமை இப்படிப் பார்த்தால்தான் விளங்கும். 2025–26 பருவத்துக்கு உளுந்தின் குறைந்தபட்ச ஆதரவு விலையாக மத்திய சர்க்கார் ரூ. 7,800 அறிவித்தது என்பதையும் கணக்கில் சேர்க்கலாம். ஆனால் அந்த விலை, சர்க்கார் கொள்முதல் நடக்கிற இடத்தில் நடக்கிற நாளில்தான் கைக்கு வரும். கொள்முதல் இல்லாத இடத்தில் அது காகிதத்து விலை.

எட்டு சதவிகிதம் எப்படிப் பதினாலாகிறது?

இனி குட்டியானை வாங்கப்போகிறவரைப் பார்ப்போம். ஐந்து லட்சம் ரூபாய்க் கடன். நாலு வருஷத் தவணை. "வெறும் எட்டு சதவிகிதம்தான் சார்" என்கிறார் கடன் கொடுப்பவர். வருஷத்துக்கு 40,000 வீதம் நாலு வருஷத்துக்கு ரூ. 1,60,000 வட்டி. ஆக ரூ. 6,60,000. அதை 48 மாதத்துக்கு வகுத்தால் மாதம் ரூ. 13,750. கணக்கு சுத்தமாகத்தான் இருக்கிறது. ஒன்றே ஒன்றைத் தவிர: முதல் மாதத்திலிருந்தே அசலும் சேர்ந்து திரும்பிக்கொண்டிருக்கிறது. மூன்றாவது வருஷ முடிவில் கையில் நிற்கும் கடன் ஏறக்குறைய ஒன்றரை லட்சந்தான். ஆனால் வட்டி மட்டும் ஐந்து லட்சத்துக்குப் போடப்படுகிறது. குறைகிற பாக்கிக்கு மட்டும் வட்டி போட்டுப் பார்த்தால், இந்த எட்டு சதவிகிதம் உண்மையில் 14 சதவிகிதத்துக்கும் மேல். பாங்கியில் ஒருவர் "பன்னிரண்டு சதவிகிதம், குறையும் பாக்கிக்கு" என்று சொன்னால், எட்டை விடப் பன்னிரண்டு அதிகம் என்று நினைத்து எழுந்து வந்துவிடுகிறவர்கள் உண்டு. ஐயோ பாவம், மலிவான கடனை விட்டுவிட்டு விலையுயர்ந்த கடனை வாங்குகிறார்கள்.

தண்டல் கணக்கு இன்னும் விபரீதம். பத்தாயிரம் என்று எழுதி, 1,500ஐ முதலிலேயே பிடித்துக்கொண்டு, 8,500 கொடுத்து, நூறு நாளைக்குத் தினம் நூறு ரூபாய் வசூலிக்கிறார்கள். இது ஆண்டுக்கு நூற்றுக்கு 120 அளவில் வந்து நிற்கிறது. அநியாய வட்டியைத் தடுக்கத் தமிழ்நாட்டில் 2003ல் சட்டம் வந்தது. சட்டம் வந்தபிறகும் காய்கறிக் கடைக்காரருக்குக் காலை நாலு மணிக்குப் பணம் கொடுக்கத் தண்டல்காரரைத் தவிர வேறு யாரும் எழுந்திருப்பதில்லை என்பதையும் சொல்லத்தான் வேண்டும்.

கொடுக்கிற பக்கம் இப்படி என்றால், வாங்குகிற பக்கம் இதற்கு நேர் எதிரான மயக்கம். "லட்ச ரூபாய் போடுங்கள், மாதம் பத்து சதவிகிதம் தருகிறோம்" என்று யாராவது வந்தால், அந்தப் பத்து சதவிகிதத்தை எடுக்காமல் அதிலேயே போட்டுவந்தால் என்ன ஆகும் என்று பெருக்கிப் பார்க்க வேண்டும். ஒரு வருஷத்தில் ரூ. 3,13,800. ஐந்து வருஷத்தில் மூன்று கோடியே நாலு லட்சத்துக்கும் மேல்! இப்படிப் பெருகுகிற தொழில் ஒன்று ஒருவர் கையில் இருந்தால், அவர் ஒரு லட்சத்தை எங்கேயாவது புரட்டிப்போட்டு, ஐந்து வருஷத்தில் கோடீசுவரராகி, நிம்மதியாகத் தூங்கியிருப்பார். வெயிலில் வீடு வீடாக ஏறி இறங்கமாட்டார். 2012ல் பெருந்துறைப் பக்கத்தில் ஈமுக் கோழித் திட்டங்கள் சரிந்தபோது, மாதாமாதம் தீவனப் பணமும், வருஷத்துக்கு ஒருமுறை போனஸும் தருவதாகச் சொன்னதை நம்பிப் போட்டவர்கள் தெருவில் நின்றார்கள். அவர்கள் கேட்டிருக்க வேண்டிய கேள்வி ஒன்றே: அந்தக் கோழியின் கறியை யார், கிலோ என்ன விலைக்கு, எத்தனை கிலோ வாங்குகிறார்கள்? வாங்க ஆளில்லாவிட்டால், கொடுக்கிற பணம் பின்னால் வந்து சேர்ந்தவர்களின் பணம்.

படித்தவர்கள் ஏமாறமாட்டார்கள் என்று நினைக்க வேண்டாம். சென்னையில் பெரும்பெயர் பெற்ற ஆர்பத்நாட் கம்பெனி 1906 அக்டோபர் 22ந் தேதி கதவைச் சாத்தியபோது பணத்தைப் பறிகொடுத்தவர்களில் உத்தியோகஸ்தர்களும் வக்கீல்களும் ஏராளம். அதன் முதலாளி சர் ஜார்ஜ் ஆர்பத்நாட் சிறை சென்றார். அந்த அடியிலிருந்துதான் வி. கிருஷ்ணசுவாமி ஐயர் போன்றோரின் முயற்சியால் 1907ல் இந்தியன் பாங்கி பிறந்தது. பிறகு 1960ல் கேரளத்தில் பாலாய் சென்ட்ரல் பாங்கி விழுந்தபின், 1962 ஜனவரி 1 முதல் டிபாசிட்டுகளுக்கே இன்ஷூரன்ஸ் வந்தது. அப்போது ஒருவருக்கு ரூ. 1,500 வரை. 2020 பிப்ரவரி 4 முதல், வட்டியும் சேர்த்து, ஒரு பாங்கியில் ஒருவருக்கு ரூ. 5 லட்சம். கிராமத்தில் உள்ள தொடக்க வேளாண்மைக் கூட்டுறவுச் சங்கத்தில் போட்ட டிபாசிட்டுக்கு இந்த இன்ஷூரன்ஸ் கிடையாது. பைனான்ஸ் கம்பெனிகளுக்கும் கிடையாது. அரை சதவிகிதம் வட்டி கூட என்று மாற்றிப் போடுகிறவர்கள், அந்த அரை சதவிகிதத்துக்காக எதை விட்டுக்கொடுக்கிறோம் என்பதை அறிந்து போடுவது நலம்.

உயிருக்கு விலை வைப்பது எப்படி?

ஆயுள் இன்ஷூரன்ஸ் என்றாலே நம் வீடுகளில் ஒரு தயக்கம். சாவைப் பற்றிப் பேச வேண்டியிருக்கிறது அல்லவா? பேச்சை விட்டுவிட்டு எண்ணிக்கையைப் பார்த்தால் தயக்கம் குறையும். 1693லேயே வானசாஸ்திரி எட்மண்ட் ஹாலி, பிரெஸ்லா நகரத்தில் எத்தனை வயதில் எத்தனை பேர் இறந்தார்கள் என்ற குறிப்பை வைத்து ஓர் அட்டவணை தயாரித்தார். வால்நட்சத்திரத்துக்குத் தம் பெயரைத் தந்த அதே ஹாலிதான். இன்றைக்கு இந்தியாவில் வழங்கும் 2012–14 மரண அட்டவணைப்படி, 35 வயதுள்ள பாலிஸிதாரர்கள் ஆயிரம் பேரில் ஒரு வருஷத்தில் இறப்பவர்கள் ஒன்றேகால் பேருக்கும் சற்றுக் குறைவு. 50 வயதில் அது நாலுக்கு மேல். யார் இறப்பார் என்று எவராலும் சொல்ல முடியாது; எத்தனை பேர் என்று ஏறக்குறையச் சொல்லிவிடலாம். இன்ஷூரன்ஸ் முழுவதும் இந்த ஒரு வித்தியாசத்தின்மேல்தான் நிற்கிறது.

ஆகவே, 35 வயதுக்காரருக்கு ஒரு வருஷத்துக்குப் பத்து லட்சம் ரூபாய்ப் பாதுகாப்பின் அடக்கவிலை சுமார் ரூ. 1,200. கம்பெனியின் செலவும் லாபமும் அதற்கு மேல். இந்த அளவுகோலைக் கையில் வைத்துக்கொண்டால், ஒருவர் கேட்கும் பிரீமியத்தில் எவ்வளவு பாதுகாப்புக்குப் போகிறது, எவ்வளவு சேமிப்புக்குப் போகிறது, எவ்வளவு வேறெங்கோ போகிறது என்று பிரித்துப் பார்க்க முடியும். 2015ல் தொடங்கிய பிரதம மந்திரி ஜீவன் ஜோதித் திட்டத்தில் 2022 ஜூன் 1 முதல் வருஷத்துக்கு ரூ. 436, தொகை இரண்டு லட்சம். 18 வயதுக்காரருக்கும் 50 வயதுக்காரருக்கும் ஒரே கட்டணம்! அப்படியென்றால் வயது ஏற ஏற இது மலிவு. ஐம்பதை நெருங்குகிறவர் அடக்கவிலையில் பாதியே கொடுக்கிறார். மே மாதக் கடைசியில் சேமிப்புக் கணக்கில் 436 ரூபாய் இல்லாமல் போய், பாலிஸி நின்றுவிட்டது தெரியாமலே இருப்பவர்கள்தான் இதில் பரிதாபத்துக்குரியவர்கள். ரூ. 20க்கு இரண்டு லட்சம் தரும் விபத்துத் திட்டத்துக்கும் இதே கதைதான். நெடுஞ்சாலையில் தினம் இரு சக்கர வண்டியில் போய்வருகிற ஊரில் அந்த இருபது ரூபாயை மறப்பது விவேகமாகாது.

சரி, இரண்டு லட்சம் போதுமா? மாதம் ரூ. 20,000 சம்பாதிக்கும் டிரைவர் ஒருவர், அவருடைய சொந்தச் செலவு 4,000, குடும்பத்துக்கு 16,000. அவர் இல்லாவிட்டால் இரண்டு லட்சம் பன்னிரண்டரை மாதத்தில் தீர்ந்துபோகும். அந்த 16,000 தொடர்ந்து வர வேண்டுமானால், ஆறு சதவிகித வட்டிக்கு ரூ. 32 லட்சம் முதல் வேண்டும். வண்டிக் கடன் ஐந்து லட்சம் பாக்கி இருந்தால் 37 லட்சம். விலைவாசி ஏறுவதை இதில் சேர்க்கவில்லை. மனைவியின் சம்பாத்தியம் இருந்தால் அதைக் கழித்துக்கொள்ளலாம். மிகப் பெரிய தொகையாகத் தோன்றுகிறது. ஆனால் அவர் ஒவ்வொரு மாதமும் வீட்டுக்குக் கொண்டுவருவதன் விலை அதுதான்.

இங்கேதான் நம்மவர்கள் பெரும்பாலும் தடுமாறுகிறார்கள். "செத்தால்தான் பணம் என்றால் எனக்கென்ன லாபம்? போட்ட பணம் திரும்பி வர வேண்டும்" என்கிறார்கள். வருஷம் ரூ. 25,000 வீதம் இருபது வருஷம் கட்டி, முடிவில் போனஸுடன் ரூ. 8,68,000 வருகிறது என்று வைத்துக்கொள்வோம். கட்டியது ஐந்து லட்சம். மூன்று லட்சத்து அறுபத்தெட்டாயிரம் கூட வந்தது என்று சந்தோஷம். வட்டிக் கணக்கில் அது ஆண்டுக்கு ஐந்து சதவிகிதமே. இடையில் இறந்தால் குடும்பத்துக்கு வருவதோ ஐந்து லட்சமும் அதுவரை சேர்ந்த போனஸுமே. அதே 25,000ல் ஆறாயிரத்துக்கு ஐம்பது லட்ச ரூபாய் டெர்ம் பாலிஸி கிடைப்பதாகக் கொண்டு, மீதி 19,000ஐ, 2020 ஏப்ரலில் வந்த 7.1 சதவிகித வட்டியில் பொது சேமநல நிதியில் போட்டுவந்தால், இருபது வருஷ முடிவில் ரூ. 8,43,000 அளவு இருக்கும். கடைசித் தொகையில் இருபத்தைந்தாயிரம் குறைவு. பாதுகாப்பு பத்து மடங்கு. சிறு பிள்ளைகள் உள்ள வீட்டில் எது வேண்டும் என்பதில் சந்தேகம் இருக்க நியாயமில்லை.

ஆனாலும் ஏஜெண்டுகளை ஒரேயடியாகக் குறை கூறுவது சரியல்ல. மீதி 19,000ஐ ஒழுங்காகப் போட்டுவருகிறவருக்குத்தான் மேலே சொன்ன கணக்கு. தீபாவளிக்கும் காதுகுத்துக்கும் அதைச் செலவழித்துவிடுகிறவருக்கு, தவணை தேதிக்கு வாசலில் வந்து நின்று வாங்கிப்போகிற ஏஜெண்டே சேமிப்பு. 1956 செப்டம்பர் 1ந் தேதி 245 கம்பெனிகளையும் சங்கங்களையும் ஒன்றாக்கி ஆயுள் இன்ஷூரன்ஸ் கார்ப்பொரேஷன் ஏற்பட்டபோது, கிராமம் வரை இன்ஷூரன்ஸ் போக வேண்டும் என்பதே நோக்கமாகச் சொல்லப்பட்டது. அதைக் கொண்டுபோய்ச் சேர்த்தவர்கள் சைக்கிளில் சுற்றிய இந்த ஏஜெண்டுகளே. தனிநபர் ஆயுள், மருத்துவ பாலிஸிகளின் பிரீமியத்துக்கு 2025 செப்டம்பர் 22 முதல் ஜி.எஸ்.டி. நீங்கியிருப்பது ஒரு சகாயம். அதைவிடப் பெரிய சகாயம், கைப்பேசிக் கண்ணாடிக்கும் மிக்ஸிக்கும் இன்ஷூரன்ஸ் எடுப்பதை நிறுத்திவிட்டு, அந்தப் பணத்தைத் தாங்க முடியாத நஷ்டங்களுக்குத் திருப்புவது. மிக்ஸி கெட்டால் அம்மியிருக்கிறது.

விண்ணப்பத்தைப் பூர்த்தி செய்யும்போது மறுபடியும் உளுந்தாண்டார்கோவில் ஞாபகத்துக்கு வர வேண்டும். சர்க்கரை வியாதி இருக்கிறதா, புகைபிடிக்கும் பழக்கம் உண்டா என்ற கேள்விகளுக்கு, "எல்லாம் இல்லை என்று போட்டுவிடுகிறேன், கையெழுத்துப் போடுங்கள்" என்று எவராவது சொன்னால், மிளகு மூட்டைக்கு உளுந்து என்று பெயர் எழுதப்படுகிறது என்று அர்த்தம். ஆயுள் பாலிஸி மூன்று வருஷம் முடிந்துவிட்டால் அதை எந்தக் காரணம் கொண்டும் கம்பெனி கேள்வி கேட்க முடியாது என்று 1938ஆம் வருஷ இன்ஷூரன்ஸ் சட்டத்தின் 45வது பிரிவு, 2015 திருத்தத்துக்குப் பிறகு, சொல்கிறது. அந்த மூன்று வருஷத்துக்குள் சாவு நேர்ந்தால், பொய்யான ஒரு 'இல்லை'யினால் விதவையின் கைக்கு ஒன்றும் வராமல் போகலாம். விண்ணப்பத்தின் நகல் பாலிஸிப் பத்திரத்துடன் இணைத்தே அனுப்பப்படுகிறது. அதில் எழுதியிருப்பது தவறு என்று கண்டாலும், ஷரத்துகள் பிடிக்காவிட்டாலும், பத்திரம் கைக்கு வந்த நாளிலிருந்து 30 நாளுக்குள் திருப்பிக்கொடுத்து, சிறு பிடித்தம் போகப் பணத்தைப் பெற்றுக்கொள்ளலாம் என்று 2024ல் விதி செய்திருக்கிறார்கள். நம் வீடுகளில் தபால்காரர் கொடுத்த உறை பிரிக்கப்படாமலே பீரோவில் பட்டுப்புடவைக்கு அடியில் போய்விடுகிறது. முப்பது நாளும் அங்கேயே கழிந்துவிடுகின்றன.